ஏழு கண்டத் தட்டும் ஒரு கூட்டாளியும்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஜூரோங் பக்கம் ஒரு பேரங்காடியின் உணவுத்தளத்தில் புதுக்கடை ஒன்று திறந்தார்கள். பெயர் 'ஏழு கண்டம்'. ஆங்கிலத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் எழுதியிருக்கிறது. உரிமையாளர்கள் இருவர். ஒருவர் லீலா அக்கா. இன்னொருவர் என் மகள் இனியா. அங்கே விற்கும் தட்டை உருவாக்கியவள் நான். வரிசையில் நின்று, காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் ஈரோட்டிலிருந்து தங்கை அழைத்தாள். கடையின் படங்களை இனியா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, கடைசில சாதிச்சுட்டியே! சிங்கப்பூர்ல மொதலாளி ஆயிட்ட."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவளுக்கும், அவளைப் போல அங்கிருந்து வாழ்த்து அனுப்பிய மற்றவர்களுக்கும் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். பேசினால் குரல் உடைகிறது. எழுத்து பரவாயில்லை.

2

லீலா அக்காவைத் தெரிந்துகொண்டது ஒரு எழுத்துப் பிழையால்.

தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கடை. தோசை, மீ கோரிங் என்கிற வறுத்த நூடுல்ஸ், காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. வெளியே கரும்பலகையில் 'இட்லீ' என்று நெடிலாக எழுதியிருந்தது. புவியியல் ஆசிரியையாகப் பல வருடம் இருந்தவளுக்குக் கை சும்மா இருக்காது. ஓரத்தில் கிடந்த சாக்கட்டியை எடுத்துக் குறிலாகத் திருத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"நீங்க டீச்சரா லா?" என்று கல்லாவிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்க அம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான் எழுதுறோம். யாரும் சாப்பிடாமப் போனதில்ல."

குவீன்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்தவர் லீலா அக்கா. தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வாய் உண்டு. அன்றிலிருந்து எனக்கு டீச்சர் என்று பெயர். புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயில் மாறி மாறி அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். என் கணவர் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. வார இறுதிகளில் பெரும்பாலும் வேலைக்குப் போய்விடுவார். இனியா அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளையும் இழுத்துக்கொண்டு போவேன்.

சாப்பிடும்போது அவளிடம் கேள்வி கேட்பது என் வழக்கம். மக்காச்சோள ரொட்டி எந்த நாட்டுக் காலை உணவு? உருளைக்கிழங்கு எந்த மலைத்தொடரிலிருந்து வந்தது? மற்ற அம்மாக்கள் போனைக் கீழே வை என்பார்கள். நான் தலைநகரம் சொல் என்பேன். விளைவு ஒன்றுதான், இரண்டு பேரும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருநாள், "தோசைக்கு ஆப்பிரிக்காவுல ஒரு தங்கச்சி உண்டு, பேரு என்ன?" என்று கேட்டேன். இனியா தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். லீலா அக்கா கேட்டார்: "என்னா பேரு டீச்சர்?"

"இஞ்சேரா. எத்தியோப்பியாவுல டெஃப்னு ஒரு தானியம். அத அரைச்சுப் புளிக்க வெச்சு ஊத்துவாங்க."

"இங்க சுட்டுக் காட்டுங்க பாப்போம். சும்மா வாயால சுட்டா எப்படி?"

3

டெஃப் விலை கட்டாது. கேழ்வரகில் முயன்றேன். முதல் மாதம் வந்ததெல்லாம் ஈரக் கோணிச் சாக்கு. பிறகு புரிந்தது, அந்த நாட்டுப் பெண்கள் புளித்த மாவில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி அதே மாவில் கலந்துவிடுகிறார்கள். அதன்பிறகு மாவு இன்னொரு முறை பொங்குகிறது. கல்லில் ஊற்றினால் மேலெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாகத் திறக்கும். குழம்பு அந்தக் கண்களில் இறங்கும். கஞ்சி ஊற்றாவிட்டால் கண் திறக்காது. அது வெறும் புளித்த அட்டை.

இஞ்சேராவிலிருந்து மற்றது வளர்ந்தது. ஒரே தட்டில் ஏழு கண்டம். ஆசியாவுக்கு இடியாப்பம். ஆப்பிரிக்காவுக்குக் கேழ்வரகு இஞ்சேரா. ஐரோப்பாவுக்கு உருளைக்கிழங்கு அடை. தென் அமெரிக்காவுக்கு மக்காச்சோள ரொட்டி, வட அமெரிக்காவுக்குக் கருப்பு பீன்ஸ் மசியல். ஆஸ்திரேலியாவுக்கு மாட்டுப் பண்ணைக்காரர்கள் தணலில் சுடும் சோடா ரொட்டி.

"அண்டார்டிகாவுக்கு என்னா பண்ணுவீங்க டீச்சர்? பெங்குயின் குருமாவா?"

"ஐஸ் கச்சாங்."

துருவிய பனிக்கட்டியின் மேல் சர்க்கரைப்பாகும் பயறும் போட்டு இங்கே விற்கும் இனிப்பு அது. லீலா அக்கா சிரித்த சிரிப்பில் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இனியா அதற்குள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். கடைக்குச் சமூக ஊடகப் பக்கம் ஒன்றைத் தொடங்கி, நான் இஞ்சேரா செய்வதைச் சின்ன வீடியோவாக எடுத்துப் போட்டாள். நிறையப் பேர் பார்த்தார்கள். கஞ்சி காய்ச்சும் இடத்தை மட்டும் வெட்டியிருந்தாள்.

"ஏன்டி அத எடுத்துட்ட? அதுதான முக்கியம்."

"மா, பாக்கிறதுக்கு வாந்தி மாதிரி இருக்கு. யாரும் லைக் பண்ண மாட்டாங்க."

வருகிறவர்களிடமெல்லாம் லீலா அக்கா என்னைத் தோளில் தட்டிச் சொல்லுவார்: "இவங்க யாரு தெரியுமா? என் கூட்டாளி."

4

இந்தச் சொல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஈரோட்டில் என் அப்பாவுக்கு மஞ்சள் மண்டி. அவருடைய கூட்டாளி பெயர் ராமசாமி. பெயர்ப்பலகையில் இரண்டு பெயர். பெட்டிச் சாவி இரண்டு. ராமசாமி மாமா வீட்டுக் கல்யாணத்தில் அப்பா பந்தி விசாரித்தார். இருவரும் கடைசி வருடங்களில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை. அப்போதும் லாபம் பாதிப் பாதிதான். விளையாட்டுப் பிள்ளைகள் கூட்டாளி கூட்டாளி என்று சொல்லிக்கொண்டு திரிவது வேறு. கடைக்குள் நின்றுகொண்டு, கல்லாவில் இருப்பவர், வாடிக்கையாளரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான்.

அந்தப் பொருளை நம்பித்தான், இங்கே டியூஷன் சொல்லிக்கொடுத்துவந்த துணைப்பாட நிலைய வேலையை விட்டேன். கடை விரிவாக்கத்துக்கு என் வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்தேன். மாவரைக்கும் இயந்திரம், பெரிய கல், புது மேசைகள் எல்லாம் அதில் வந்தவை. "கூட்டாளி, நீங்க இல்லேன்னா என்னால முடியுமா?" என்றார் லீலா அக்கா. எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் ராமசாமி மாமாவும் எழுதிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. விடிவதற்கு முன் போய் நானே கஞ்சி காய்ச்சி மாவில் ஊற்றுவேன். லீலா அக்கா வரும்போது கல் சூடேறியிருக்கும்.

5

பேரங்காடிக்காரர்களுக்கு இந்தத் தட்டு பிடித்துவிட்டது. உணவுத்தளத்தில் இடம் தருகிறோம், ஒப்பந்தம் போட வாருங்கள் என்று அழைத்தார்கள்.

"டீச்சர், நாளைக்கு வாங்க. கூட்டாளி கூட இருந்தா எனக்குத் தைரியம்" என்றார் லீலா அக்கா.

கல்யாணத்துக்குப் போவது போலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். கைப்பையில் அடையாள அட்டை, வீட்டு முகவரிச் சான்று, படிப்புச் சான்றிதழின் நகல்கூட. எதைக் கேட்பார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இங்கே ஒவ்வொரு முகப்பிலும் நான் தேவைக்கு மேல் ஒரு காகிதத்தோடுதான் போய் நிற்பேன்.

அலுவலகத்தில் ஒரு சீனப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். தாள்களைப் பரப்பினாள். நான் அவள் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். லீலா அக்காவைப் பார்த்தாள்.

"திஸ் ஒன் யுவர் பார்ட்னர் ஆ?"

"நோ லா" என்றார் லீலா அக்கா, ஒரு கணம்கூட யோசிக்காமல். "மை ஃப்ரெண்ட். ஷி கம் அண்ட் ஸீ ஸீ ஒன்லி."

"ஓ, ஃப்ரெண்ட்." அந்தப் பெண் சிரித்தாள். ஒரு விரலால் என் அட்டையை மேசைமேல் தள்ளி என்னிடம் கொண்டுவந்து சேர்த்தாள். "ஆன்ட்டி, திஸ் ஒன் நோ நீட்."

லீலா அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஒக்காருங்க கூட்டாளி, ஏன் நிக்கிறீங்க?"

தமிழில் இருந்தவரை நான் உரிமையாளர். ஆங்கிலத்துக்கு மாறிய அந்த ஒரு நொடியில் வேடிக்கை பார்க்க வந்தவள். நான் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தேன். பார்ப்பதற்குத்தானே வந்திருக்கிறேன்.

6

தேக்காவுக்குத் திரும்பி வந்தோம். பூக்கடைகளுக்குப் பக்கத்தில் வரும்போது லீலா அக்காவே கேட்டார்.

"என்னா டீச்சர், மூஞ்சி தொங்கிப் போச்சு?"

"அக்கா, என்னைக் கூட்டாளின்னுதான சொன்னீங்க?"

"ஆமா. இப்பவும் கூட்டாளிதான். இல்லன்னு யார் சொன்னா?"

"அப்ப என் பேரு ஏன் இல்ல?"

"எங்க இல்ல?"

"ஒப்பந்தத்துல."

அவர் நின்றார். முதலில் உண்மையாகவே விளங்கவில்லை. விளங்கியபோது கையை வாயில் வைத்தார். நான் அதை வருத்தம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

"அலாமாக்! டீச்சர், கூட்டாளின்னா ஃப்ரெண்டு லா! எதுத்த புளோக் மீனாவும் எனக்குக் கூட்டாளி. மீன் விக்கிற அஹமதும் கூட்டாளி. எல்லாருக்கும் பங்கு பிரிச்சா எனக்கு என்னா மிஞ்சும், கழுவாத தட்டா?"

"அப்ப நான் குடுத்த பணம்?"

"கூட்டாளி கஷ்டத்துக்குக் குடுக்கிறதுதான? திருப்பித் தர மாட்டேன்னா சொன்னேன்?"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். "ஏ மணியம், கூட்டாளின்னா என்னா?"

"ஏன்கா, கூட்டாளின்னா டீ வாங்கித் தர்றவன். டீச்சர் வாங்கித் தராங்களா? எனக்குச் சீனி கம்மி."

மணியம் கேலியாக ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பேசுவது போலத்தான் பேசினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டுப் புடவையில், கைப்பையில் சான்றிதழ் நகலோடு நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. லீலா அக்காவை அல்ல, அந்தச் சிரிப்பை.

என்னை ஏமாற்றினார் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. அந்த வாரமே முழுப் பணத்தையும் என் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார். கூடவே கொஞ்சம், வட்டியாம். "கடன் வச்சா எனக்குத் தூக்கம் வராது டீச்சர். வேணும்னா குசினில நில்லுங்க, மாசச் சம்பளம் போட்டுத் தரேன்" என்றார். அந்தச் சமையலறைக்கு நான் போகவில்லை. திருடியிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். நேர்மையாக இருந்துவிட்டார்.

7

வீட்டில் சொன்னேன். கணவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எழுதி வாங்கலையா?" பட்டறையில் யாருக்காவது கை நசுங்கினால் கையுறை போட்டிருந்தாரா என்று கேட்கிற அதே குரல்.

இனியா சிரித்தாள். லீலா அக்கா சிரித்ததைவிடச் சத்தமாக, சோபாவில் சாய்ந்து.

"மா, சீரியஸ்லி? நான் பிரைமரி த்ரீல 'நானும் என் கூட்டாளியும் பூங்காவுக்குப் போனோம்'னு எழுதினேன். ஞாபகம் இருக்கா? நீ சிவப்புப் பேனாவால அடிச்சு 'நண்பன்'னு எழுதின. 'உனக்கு எந்தத் தெருவுல கடை இருக்கு, கூட்டாளி வைக்கிறதுக்கு'ன்னு கேட்ட. அப்பாகிட்ட சொல்லிச் சிரிச்ச. ஊருக்கு போன் பண்ணிச் சித்திகிட்டயும் சொன்ன."

"அது சின்ன வயசு."

"ஸோ இங்க எல்லாரும் ஃப்ரெண்டுக்கு அப்படித்தான் சொல்றாங்கன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். தப்பாச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"அதான். நீ ஊருக்கே தப்பு போட்டுட்ட. ஊரு உனக்குப் போட்டுருச்சு."

ஏழாம் வயது வரை என் மடியில் உட்கார்ந்து உலக வரைபடத்தில் விரல் வைத்துப் படித்தவள் இப்படிப் பேசினாள். எனக்குக் கோபத்தைவிட அவளுடைய தமிழ் தெளிவாக இருப்பதுதான் முதலில் உறைத்தது. என்னிடம் பேச அவளுக்குத் தமிழ் வராது என்று நினைத்திருந்தேன். வலிக்கும்படி பேச நன்றாக வருகிறது.

8

சில வாரம் கழித்து, சாப்பாட்டு மேசையில், இனியா சொன்னாள்: "நான் லீலா ஆன்ட்டியோட சேர்றேன். புதுக் கடையில."

"வேலைக்கா?"

"பார்ட்னரா. அவங்களுக்கு இங்கிலீஷ் பேச, ஆன்லைன் பாக்க ஆள் வேணும். வயசாகுது. நான்தான் கேட்டேன். அக்ரிமெண்ட் ரெடி, என் ஃப்ரெண்டோட அக்கா லாயர், படிச்சுப் பாத்துட்டாங்க."

"நான் கூட்டாளியா இருந்த கடைடி அது."

"ஆமா மா. நீ அவங்களுக்குக் கூட்டாளி. நான் பார்ட்னர்."

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அடித்துப் பேசுகிற குரலே இல்லை. அகராதியில் இரண்டு சொல்லுக்குப் பொருள் படிப்பது போலச் சொன்னாள். அடுத்து கேட்டாள்: "ஆன்ட்டி திருப்பிக் குடுத்த பணம் சும்மாதான இருக்கு? என் பங்குக்குப் போடணும். கடனாக் குடு, சும்மா வேணாம்."

"குடு. வீட்டுக்குள்ளதான வரப்போகுது" என்றார் கணவர்.

இனியா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். நான் கடன் கொடுப்பவள், அவள் வாங்குபவள், தவணை இன்ன தேதியில். பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கத் தோழிக்குப் பணம் கொடுத்து, அது திரும்பி வராமல் வந்து அழுத இதே இனியாவிடம், கையெழுத்து இல்லாமல் யாருக்கும் காசு கொடுக்காதே என்று பாடம் நடத்தியது நான். பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டேன். என் பணம் இரண்டாம் முறையாக அதே கடைக்குப் போனது. இந்த முறையும் என் பெயர் பலகைக்கு வரவில்லை.

"மாவுப் பக்குவம் தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"வீடியோ இருக்கே மா. நான்தான எடுத்தேன்."

9

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் ஒரு மலாய்க் குடும்பம், பின்னால் பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள், அண்டார்டிகா முதலில் யாருக்கு என்று சண்டை. முகப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி? இன்னிக்கு ஸ்பெஷல் செவன் காண்டினெண்ட்" என்றாள். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுவது என்பார்கள். இந்தச் சொல்லை நான் ஒருபோதும் திருத்தியதில்லை. நல்ல சொல்.

லீலா அக்கா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார். முகம் நிஜமாகவே மலர்ந்தது. அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார்.

"ஏய், இவங்க யாரு தெரியுமா? என் கூட்டாளி! காசு வாங்காதே."

"வாங்கிக்கோம்மா" என்று சொல்லி நோட்டை வைத்தேன். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். இடியாப்பம் காய்ந்திருந்தது. அடையில் உப்பு கூட. அதெல்லாம் முதல் நாள் கோளாறு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இஞ்சேராவை எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு கண்கூடத் திறக்கவில்லை. வழுவழுவென்று, பழைய ரெக்ஸின் உறை போலக் கிடந்தது. குழம்பு உள்ளே இறங்க வழியில்லாமல் ஓரத்தில் வழிந்திருந்தது. வாயில் வைத்தேன். வெறும் புளிப்பு. பக்கத்து மேசையில் அந்த இரண்டு பிள்ளைகளும் ஆப்பிரிக்காவை மட்டும் மடித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு இனியா வந்தாள். கன்னத்தில் மாவு. கண்ணுக்குக் கீழே கறுப்பு. எதிரில் உட்காரவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேர்வுத்தாளோடு என் முன்னால் வந்து நிற்கும்போது அப்படித்தான் நிற்பாள்.

"மா, ஆப்பிரிக்கா எப்படி இருக்கு? ஏதோ மாதிரி இருக்குன்னு ஆன்ட்டி சொல்றாங்க. நாலு நாளா மாவை மாத்தி மாத்திப் பாக்கிறோம். வீடியோல இருக்கிற மாதிரியேதான் செய்றேன். எதையாவது விட்டுட்டேனா?"

ஒரு கரண்டி கஞ்சி. அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவள் எழுதிய கட்டுரை, வரைந்த படம், பாடிய பாட்டு, நடந்த நடை எதையும் நான் திருத்தாமல் விட்டதில்லை. சிவப்புப் பேனா எனக்கு ஆறாவது விரல்.

"இல்ல" என்றேன். "நல்லா இருக்கு."

"நெஜமாவா?"

"நெஜமா. ஒண்ணும் மாத்தாதே. இப்படியே செய்."

அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு குனிந்து என் கன்னத்தில் முத்தம் வைத்தாள், மாவு ஒட்டியது. "தேங்க்ஸ் மா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, லீலா அக்காவிடம் கத்துவது கேட்டது: "ஆன்ட்டி, ஓக்கே! அம்மா சொல்லிட்டாங்க!"

கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கடைசியாக ஐஸ் கச்சாங்கை எடுத்தேன். ஏழு கண்டங்களில் அண்டார்டிகா மட்டும் சரியாக வந்திருந்தது. உருகுவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.